5 கோழியில் ஆரம்பித்தது, இப்போது 47. எந்தச் சேவலை வைத்துக்கொள்வது?

ஓடைக்காடு · ஞாயிறு, காலை 6.40

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். இரண்டு வருடத்துக்கு முன்பு ஐந்து கோழியோடு ஆரம்பித்தோம். சந்தையில் வாங்கிய சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) பெட்டை இரண்டு, பக்கத்து ஊரில் கொடுத்த வனராஜா பெட்டை ஒன்று, மாமா வீட்டிலிருந்து வந்த கட்டைக்கால் (கால் குட்டையான கோழி) ஜோடி ஒன்று. நேற்று சாயங்காலம் கூட்டில் அடைக்கும்போது எண்ணினேன். பெட்டை 19, சேவல் 11, குஞ்சு 17. மொத்தம் 47.

பெருகுவது சந்தோஷம்தான். ஆனால் கைமீறிப் போகிறது. கூடு ஆறடிக்கு நாலடி. பாதிக் கோழி முருங்கை மரத்தில்தான் அடைகிறது, அதில் இரண்டை மரநாய் தூக்கிவிட்டது. சேவல்கள் விடிந்ததிலிருந்து சண்டை. சில பெட்டைகளுக்கு முதுகில் இறகே இல்லை, தோல் சிவந்து தெரிகிறது.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை பொரிப்பு. போன வருடம் பன்னிரண்டு முட்டை வைத்தால் பத்து குஞ்சு வரும். இந்த வருடம் மூன்று அடை வைத்தோம். 12 முட்டைக்கு 6, 13-க்கு 7, 11-க்கு 5. பாதிக்குப் பாதி போகிறது. எல்லாவற்றுக்கும் தகப்பன் எங்கள் கட்டைக்கால் சேவல், பெயர் குள்ளன். அவன்தான் கூட்டத்துக்கு ராஜா. வயதாகிவிட்டதா, மாற்ற வேண்டுமா? பொடிச் சேவல்களில் எதை நிறுத்துவது? அம்மாவுக்கு எதையும் விற்க மனசு வரவில்லை.

மாடிவீட்டுச் சேவல் · ஞாயிறு, காலை 7.15

47 கோழியா! சென்னையில் மொட்டை மாடியில் எனக்கு இருப்பது ஆறு பெட்டை. ஒரே ஒரு சேவல் வைத்திருந்தேன். அது நாலு மணிக்குக் கூவி, கீழ்வீட்டுக்காரர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சேவலை ஊருக்கு அனுப்பிய பிறகும் பேசவில்லை. பதில் சொல்லத் தெரியாது, படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

பஞ்சாரம் · ஞாயிறு, காலை 8.02

தம்பி, மூன்று கேள்வி. பதில் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா? உள்ளே வெறும் மஞ்சள் கருவா, ரத்தக்கோடா, முழுக்குஞ்சு செத்துக் கிடந்ததா?

அடைக்கு வைத்த முட்டை எந்தப் பெட்டைகளுடையது? அடை காத்த கோழி எது என்று கேட்கவில்லை, இட்ட கோழி எது?

முட்டையை எத்தனை நாள், எங்கே சேர்த்து வைத்தீர்கள்?

ஓடைக்காடு · ஞாயிறு, காலை 9.30

நன்றி அக்கா.

உடைக்கவில்லை. நாற்றம் வரும் என்று அப்படியே குப்பைக்குழியில் போட்டுவிட்டார் அப்பா. அம்மா சொல்வது, இடி இடித்ததால் கூமுட்டை ஆகிவிட்டதாம். ஆனால் அடைக்கூடையில் மணல், வைக்கோல், கரித்துண்டு, வரமிளகாய், இரும்பு ஆணி எல்லாம் முறைப்படி போட்டுத்தான் வைத்தோம்.

அடை காத்தது சிறுவிடை. முட்டை பெரும்பாலும் கட்டைக்கால் பெட்டைகளுடையது. இப்போது அதில் எட்டு இருக்கிறது. கட்டைக்கால் குஞ்சுக்கு இங்கே கேட்டு வருகிறார்கள், அதனால் அம்மா அந்த முட்டையாகப் பார்த்து எடுத்து வைக்கிறார். வனராஜா கலப்பு முட்டை பெரிது, அது பிள்ளைகளுக்கும் கடைக்கும்.

சேர்த்து வைப்பது சமையலறை அலமாரியில். ஒரு அடைக்கு எண்ணிக்கை சேர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஏப்ரல், மே மாதம்.

வைகைக்கரை · ஞாயிறு, மதியம் 12.10

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரே ரத்தம். அப்பனே மகளை மிதிக்கிறான், பேத்தியையும் மிதிக்கிறான். இரண்டு வருடமாக ஒரே சேவல் என்றால் பொரிப்பு விழத்தான் செய்யும். வெளியூர்ச் சேவல் ஒன்று இறக்குங்கள், சரியாகிவிடும். எங்கள் தேனிப் பக்கம் நல்ல பெருவிடை கிடைக்கிறது.

பஞ்சாரம் · ஞாயிறு, இரவு 9.20

வைகைக்கரை தம்பி சொல்வதும் காரணம்தான், ஆனால் மூன்றாவது காரணம். முதல் காரணம் கட்டைக்கால் மேல் கட்டைக்கால் சேர்த்தது.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது திண்டுக்கல் பக்கம் தோட்டத்தில் முப்பது கோழியோடு இருக்கிறேன். இதே கதையை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கட்டைக்கால் என்பது தனி இனம் போலத் தெரியும், உண்மையில் ஒரே ஒரு மரபணுவின் வேலை. ஒவ்வொரு கோழிக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வரும். அதில் ஒன்று கட்டை, ஒன்று சாதாரணம் என்றால் கால் குட்டையாகும், கோழி நன்றாகவே வாழும், அருமையாக அடை காக்கும். இரண்டு பக்கமும் கட்டையாகவே வந்துவிட்டால் அந்தக் கரு பிழைக்காது. அடை வைத்த மூன்றாம் நாள், நான்காம் நாளிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். குஞ்சு உருவம் வருவதற்கு முன்பே சாவதால், 21 நாள் கழித்துப் பார்ப்பவருக்கு அது வெறும் கூமுட்டை.

கட்டைக்கால் சேவலையும் கட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால் கருக்கூடிய முட்டையில் சராசரியாக நாலில் ஒன்று இப்படிப் போகும். எந்த மருந்தாலும் தடுக்க முடியாது. கட்டைக்கால் சேவலை நெட்டைக்கால் பெட்டையோடு சேர்த்தாலோ, மாற்றிச் சேர்த்தாலோ, ஒன்றும் சாகாது. குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி கட்டை, பாதி நெட்டை. போன வருடம் உங்களுக்கு ஏன் பத்து பொரித்தது என்று இப்போது புரியும். அப்போது குள்ளனுக்குக் கீழே இருந்தது பெரும்பாலும் சிறுவிடையும் வனராஜாவும்.

ஆகையால் 'சுத்தமான கட்டைக்கால் ஜோடி, குஞ்சு எல்லாமே கட்டையாக வரும்' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அப்படி ஒரு ஜோடி இருக்கவே முடியாது.

இரண்டாவது காரணம் உங்கள் சமையலறை அலமாரி. சித்திரை வெயிலில் அடுப்புக்குப் பக்கத்தில் முட்டை பன்னிரண்டு நாள் இருந்தால் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து நின்றுபோகும். ஏழு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ஈர மணல் மேல் மண்பானை வைத்து, அதற்குள் வையுங்கள், வாயை வெள்ளைத்துணியால் மூடுங்கள். கூரான பக்கம் கீழே. முட்டை மேல் பென்சிலில் தேதியும் கோழிக்கு ஒரு குறியும்.

ஒரு கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் 17 குஞ்சில் எத்தனை கட்டைக்கால்?

செவலை · ஞாயிறு, இரவு 10.05

மன்னிக்கணும் அம்மா, ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கட்டைக்கால் உண்டு. இப்படி நாலில் ஒன்று செத்ததாக யாரும் சொன்னதில்லை. பாடப்புத்தகக் கணக்கு எல்லாம் கோழிக்குத் தெரியுமா?

பஞ்சாரம் · ஞாயிறு, இரவு 10.31

கோழிக்குத் தெரியாது செவலை, ஆனாலும் அதன்படிதான் நடந்துகொள்ளும். உங்கள் தாத்தா வீட்டில் கட்டைக்கால் சேவல் ராஜாவாக இருந்ததா, நெட்டைச் சேவல் இருந்ததா? ஊர்மேய்ச்சல் கோழிக்கூட்டத்தில் பெரும்பாலும் நெட்டைச் சேவல்தான் மற்றதை விரட்டிவிட்டு மிதிக்கும். கட்டைக்கு எட்டாது. அதனால் பிரச்சினை வெளியே தெரியாது.

செவலை · திங்கள், காலை 5.50

அப்பாவிடம் கேட்டேன். சேவல் எப்போதும் சந்தையில் வாங்கிய நெட்டைதானாம். கட்டைச் சேவலைக் குழம்பு வைத்துவிடுவார்களாம். சரி, தோற்றுவிட்டேன்.

ஓடைக்காடு · திங்கள், காலை 6.20

அக்கா, எண்ணிவிட்டேன். 17-ல் கட்டைக்கால் 11, நெட்டைக்கால் 6. பொரித்தது 18, அதில் ஒன்றைக் காக்காய் தூக்கியது, அது கட்டையா நெட்டையா நினைவில்லை.

பஞ்சாரம் · திங்கள், காலை 6.45

நாலு முட்டையில் ஒன்று இறந்து, மீதி மூன்றில் இரண்டு கட்டை, ஒன்று நெட்டை என்று வரவேண்டும். 11-க்கு 6. இதைவிடப் பொருத்தமாக நானே எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

வைகைக்கரை · திங்கள், காலை 9.00

இப்போது 11 சேவல் விவகாரத்துக்கு வருவோம். 19 பெட்டைக்கு இரண்டு சேவல் போதும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. நீங்கள் இரண்டு பெட்டைக்கு ஒன்றுக்கு மேல் வைத்திருக்கிறீர்கள். முதுகு இறகு போவது நோய் இல்லை, சேவல்கள் மாறி மாறி ஏறி நகத்தால் உரிப்பது. அப்படியே விட்டால் புண்ணாகி ஈ மொய்த்துப் புழு வைக்கும். முதுகு வெறுமையான பெட்டைகளை ஒரு மாதம் தனியாக அடையுங்கள்.

சேவல் பொறுக்கும்போது நான் பார்ப்பது இது. விலைக்கு ஆள் வந்து நிற்கும் நாளில் பொறுக்கக்கூடாது, அன்றைக்குப் பெரிய சேவலை விற்றுவிட்டுச் சப்பையை வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்து இதுதான். நாலு மாதத்திலேயே இரண்டைக் குறித்து வைத்துக் காலில் வளையம் போட்டுவிட வேண்டும். கண் தெளிவு, நேரான நெஞ்செலும்பு, நேரான விரல். தீனி போடும்போது தான் தின்னாமல் கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடுகிற சேவல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தலாம். ஆளைக் கொத்துகிற சேவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கண்ணுக்கு ஆபத்து.

பெருவிடை வேண்டும் என்றால் ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறைப் பெட்டை உடம்பு வைக்கும், விலைக்கு நல்லது. ஆனால் கனமான கோழி அடை உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைக்கும். நான் இரண்டு வருடம் பெருவிடை போட்டுவிட்டு, மூன்றாம் வருடம் சிறுவிடைச் சேவலுக்குத் திரும்பினேன்.

மஞ்சக்கிழங்கு · திங்கள், காலை 11.40

வனராஜா கலப்புப் பெட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. வனராஜா ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் கொடுத்தது, வெவ்வேறு வரிசைகளைச் சேர்த்து உருவாக்கியது. வருடத்துக்கு நூறு முட்டை என்பதெல்லாம் அந்தத் தாய்க்கோழிக்கு. அதன் மகள், பேத்தி என்று போகப்போக ஒன்று தாய்போல இடும், ஒன்று நாற்பதோடு நிற்கும், ஒன்று அடையே உட்காராது, ஒன்று எந்நேரமும் அடை. கலப்புக் கூட்டத்தில் சராசரி என்று ஒன்றை நம்பக்கூடாது. ஒவ்வொரு கோழியையும் தனியாகப் பார்த்துத்தான் வைப்பதா விற்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, தீனி அதிகமானால் வனராஜா கொழுப்புக் கட்டி முட்டையை நிறுத்திவிடும். சிறுவிடைக்குப் போடுவதுபோல வாரி இறைக்காதீர்கள்.

சந்தைக்கோழி வேண்டாம் · திங்கள், மாலை 4.15

புதுச்சேவல் வாங்கப்போகிற எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு என்னிடம் 38 கோழி. ரத்தம் மாற்றத்தான் சந்தையில் நாலு வாங்கினேன். அழகான செவலைச் சேவல் ஒன்று, பெட்டை மூன்று. வண்டியிலிருந்து இறக்கி நேரே கூட்டத்தில் விட்டேன். ஐந்தாம் நாள் ஒரு பெட்டை இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அதற்கடுத்த நாள் சில கோழிகள் கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்தபடி வட்டமடித்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பத்து நாளில் மிச்சம் எட்டு. 34 கோழியைக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன்.

புதுக்கோழி எங்கிருந்து வந்தாலும் மூன்று வாரம் தனியாக வையுங்கள். தனியாக என்றால் அதே கூட்டில் நடுவில் வலை கட்டுவது அல்ல. காற்று எதிர்ப்பக்கம், தனித் தண்ணீர்க் கிண்ணம், முதலில் பழைய கோழிக்குத் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியதற்கு. திரும்பி வரும்போது செருப்பைக் கழுவுங்கள்.

வேம்பு · திங்கள், மாலை 5.00

வெள்ளைக்கழிச்சலுக்குப் பயந்து ஊசி போடத் தேவையில்லை. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி. அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருட்டி வாரம் ஒரு நாள். ஆறு வருடமாக எனக்கு ஒரு கோழி சாகவில்லை.

சந்தைக்கோழி வேண்டாம் · திங்கள், மாலை 5.12

நானும் கொடுத்தேன். அதே உருண்டைதான். 34 செத்தது.

வேம்பு · திங்கள், மாலை 5.20

நோய் வந்த பிறகு கொடுத்தால் எப்படிக் கேட்கும்? வருமுன் கொடுக்க வேண்டும்.

பஞ்சாரம் · திங்கள், இரவு 8.50

இரண்டு பேரும் சண்டை வேண்டாம். வேம்பு, உருண்டை கொடுங்கள். பசி எடுக்கும், நல்லதுதான். ஆனால் வெள்ளைக்கழிச்சலைக் கொண்டுவரும் ராணிகேத் வைரஸ் உங்கள் ஊருக்குள் ஆறு வருடம் வரவில்லை என்பதற்கும் உருண்டை தடுத்தது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. (1927-ல் இந்தியாவில் முதலில் கண்டது ராணிகேத் மலையூரில், அதனால் அந்தப் பெயர். பாவம் அந்த ஊர்.) வந்த பிறகு எந்த மருத்துவத்திலும் குணமாக்கும் மருந்து இல்லை. தடுப்பூசி ஒன்றுதான்.

வீட்டுக்கோழிக்கு நான் பின்பற்றுவது: ஏழாம் நாள் லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா மறுபடியும். எட்டாவது வாரம் அதே நோய்க்கு ஆர்2பி என்ற தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழ் அரை மில்லி. சொட்டு போடாத கோழிக்கு நேரே ஆர்2பி போடாதீர்கள், சளியோ சோர்வோ இருக்கும் கோழிக்கும் போடாதீர்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்வது நல்லது. அம்மை தடுப்பூசி ஆறு ஏழு வாரத்தில். கொசு அதிகமான இடம் என்றால் கட்டாயம்.

எல்லோரும் சிக்கிக்கொள்வது ஒரு புட்டியில் நூறு டோஸுக்குக் குறையாமல் இருக்கிறது, என்னிடம் பதினேழு குஞ்சு என்ற இடத்தில்தான். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் வைத்து நாளைக்குப் போட முடியாது. தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வையுங்கள், ஒரே நாளில் சொட்டு போடலாம். மருந்தை வாங்கி வரும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்த மருந்து வெறும் தண்ணீர். அதைப் போட்டுவிட்டு 'ஊசி போட்டும் செத்தது' என்பார்கள்.

பிப்ரவரி மாதம் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், காசு கிடையாது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள்.

வேம்பு · திங்கள், இரவு 9.30

சரி அம்மா. பிப்ரவரி முகாமுக்குக் கொண்டுபோகிறேன். உருண்டையையும் விடமாட்டேன்.

ஓடைக்காடு · செவ்வாய், காலை 6.10

கூட்டுக்கு என்ன செய்வது? 47-க்குப் புதிதாகக் கட்டினால் அடுத்த வருடம் 90 ஆகிவிடும், மறுபடி கட்ட வேண்டும்.

மஞ்சக்கிழங்கு · செவ்வாய், காலை 10.25

கூட்டுக்குத் தகுந்த கோழி வையுங்கள். கோழிக்குத் தகுந்த கூடு கட்டிக்கொண்டே போனால் கடைசியில் நீங்கள் திண்ணையில் படுப்பீர்கள்.

இரவு அடைய மட்டும் என்றாலும் பெரிய கோழிக்குக் குறைந்தது ஒரு சதுர அடி. உங்கள் கூடு 24 சதுர அடி. சேவலைக் கழித்தால் 21 பெரிய கோழி, அதோடு கூடு நிறைந்தது. குஞ்சுக்குத் தனி இடம் எப்படியும் வேண்டும். பழைய கூட்டை வைத்துக்கொண்டு குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் இன்னொன்று மட்டும் போடுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போதாது, மரநாய் கையால் நிமிண்டித் திறக்கும். கொண்டி போட்டுக் கம்பி சொருகுங்கள். கீரிப்பிள்ளைக்கு இரண்டு விரல் சந்து போதும், வலை அதைவிட நெருக்கமாக இருக்கட்டும்.

அடையும் கொம்புகளை ஏணிபோல மேலும் கீழுமாகக் கட்டாதீர்கள். எல்லாக் கோழிக்கும் உச்சிக்கொம்புதான் வேண்டும், தினமும் ஆறரை மணிக்குப் பதவிச்சண்டை நடக்கும். ஒரே மட்டத்தில் கட்டினால் பாதிச் சண்டை குறையும். முருங்கையில் அடைந்து பழகியதை நாலு நாள் இருட்டிய பிறகு கையால் பிடித்து உள்ளே விட்டால் ஐந்தாம் நாள் தானாக வரும். எனக்கு ஒரு பெட்டை மட்டும் இருபது நாள் எடுத்துக்கொண்டது. அது வேறு ரகம்.

மாடிவீட்டுச் சேவல் · செவ்வாய், காலை 11.00

நடுவில் ஒரு கேள்வி. சேவலே இல்லை, ஆனாலும் ஒரு பெட்டை வெறுங்கூடையில் அடை உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகிறது. தண்ணீரில் முக்கினேன். மூக்கில் இறகு குத்தச் சொல்கிறார் மாமியார். மனசு வரவில்லை.

வைகைக்கரை · செவ்வாய், காலை 11.20

இறகு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அடியில் காற்றோட்டமான கம்பிக்கூண்டில், வைக்கோல் எதுவும் இல்லாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வெளிச்சத்தில் வையுங்கள். வயிற்றுச் சூடு இறங்கினால் அடை தெளிந்துவிடும்.

பஞ்சாரம் · செவ்வாய், இரவு 9.05

ஓடைக்காடு தம்பி, உங்கள் கூட்டம் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை, வயது. மூன்று அடை மூன்று வாரமாகப் பொரித்தால் மூன்று வயதுக் குஞ்சு. பெரியது சின்னதைக் கொத்தும், சின்னது பெரியதின் எச்சத்தைத் தின்று ரத்தக்கழிச்சல் வாங்கும். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரைதான் அதற்கு மோசமான வயது, ஈரத் தரை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் கோழி அடை உட்கார்ந்ததும் நல்ல முட்டையை வைக்காதீர்கள். பழைய முட்டை இரண்டு மூன்று வைத்து உட்கார விடுங்கள். அடுத்த வாரத்துக்குள் இன்னும் ஒன்றிரண்டு உட்காரும். ஒரே இரவில் எல்லாக் கோழிக்கும் கீழே நல்ல முட்டையை மாற்றி வையுங்கள், சிறுவிடைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் பார்த்துக் கூமுட்டையைக் கழித்து, மிச்சத்தை இரண்டு கோழிக்குச் சேர்த்தால் மூன்றாவது கோழி விடுதலை. எல்லாம் ஒரே நாள் பொரிக்கும், ஒரே நாள் சொட்டு, ஒரே கூடை.

தீனி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாருக்கும் பொதுவாகப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளரும் குஞ்சுக்குச் சிறுநீரகம் கெடும். வளரும் கோழித் தீவனத்தைப் பொதுவாகப் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச்சட்டியில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தேடி வந்து தின்னும். குஞ்சுத்தீவனத்தைப் பஞ்சாரத்துக்குள் வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்துத் தூக்கி வையுங்கள். என் பெயர் அதனால் வந்ததுதான்.

ஓடைக்காடு · ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.00

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பத்துப் பொடிச் சேவல்களில் ஆறு போய்விட்டது, நாலு விற்றோம், இரண்டு அத்தை வீட்டு விருந்துக்கு. மிச்சத்தில் இரண்டு குள்ளனைப் போலவே கட்டைக்கால், கேட்டவருக்குக் கொடுத்தோம். வனராஜா கலப்பில் நெட்டைக்கால் செம்பூத்து நிறச் சேவல்கள் இரண்டை நிறுத்தியிருக்கிறோம். வைகைக்கரை அண்ணன் சொன்னபடி தீனி கண்டால் பெட்டையைக் கூப்பிடுகிறவன் ஒருவன். இன்னொருவன் கூப்பிட்டுவிட்டு அவனே தின்றுவிடுகிறான், அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ரத்தம் அதேதான், தெரியும். சிறுவிடைச் சேவல் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மூன்று வாரம் மாட்டுக்கொட்டகைக்கு அந்தப் பக்கம்.

குள்ளனைத் தனியாக அடைத்துப் பத்து நாள் கழித்துத்தான் முட்டை சேர்த்தோம். ஆறே நாளில் போதுமான முட்டை சேர்ந்தது. இரண்டு சிறுவிடைக்கு ஒரே இரவில் பத்துப் பத்து. எல்லாம் கட்டைக்கால் பெட்டை முட்டைதான், அம்மா விடவில்லை. ஏழாம் நாள் நானும் அம்மாவும் டார்ச் அடித்துப் பார்த்தோம். சிலந்திவலை மாதிரி நரம்பு ஓடி, நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அம்மா கையிலிருந்து முட்டையை வாங்கவே முடியவில்லை. இரண்டு வெறும் முட்டை, ஒன்றில் மட்டும் ரத்த வளையம். நேற்று பொரித்தது. 20-க்கு 16. இடியும் இரண்டு நாள் நன்றாகவே இடித்தது.

பஞ்சாரம் · ஞாயிறு, காலை 7.40

பத்து நாள் குறைவு தம்பி. சேவலைப் பிரித்த பிறகும் பெட்டைக்குள் அவன் விந்து இரண்டு மூன்று வாரம் தங்கும். அந்த ரத்த வளையம் குள்ளன் கணக்காக இருக்கலாம். மற்றபடி 16 நல்ல பொரிப்பு. ஏழாம் நாளை மறக்காதீர்கள்.

செவலை · ஞாயிறு, காலை 8.15

குள்ளன் என்ன ஆனான்? கொடுப்பதாக இருந்தால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் இப்போது எல்லாம் நெட்டைக்கால் பெட்டைதான், அம்மா சொன்ன கணக்குப்படி ஒன்றும் சாகாது.

ஓடைக்காடு · ஞாயிறு, காலை 8.30

அங்கேதான் சிக்கல். பொரிப்பு சரியானால் குள்ளனைக் கருப்பராயனுக்கு விடுகிறேன் என்று அம்மா அன்றைக்கே நேர்ந்துகொண்டாராம். டார்ச் அடித்த ராத்திரிதான் சொன்னார். இப்போது சொன்ன அம்மாவே அவனுக்குத் தினமும் தனியாகக் கம்பு வைக்கிறார்.

செவலை · ஞாயிறு, காலை 8.34

வேறு சேவலை விட்டால் கருப்பராயன் ஒத்துக்கொள்வாரா என்று பூசாரியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சேவலை நான் வாங்கித் தருகிறேன்.

ஓடைக்காடு · ஞாயிறு, காலை 8.41

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். நெட்டைக்காலாக, நல்ல கொண்டையாக இருக்க வேண்டுமாம்.